ஷோரூம் காரா, பந்தயக் காரா? அமெரிக்க ஸ்டாக் கார் பந்தயத்தின் 'பொற்காலம்': ஓர் எளிய விளக்கம்

அமெரிக்க ஸ்டாக் கார் பந்தயத்தின் மூத்த ரசிகர்கள் கூடினால் ஒரே பல்லவிதான்: அந்தக் காலத்தில் கடையில் விற்ற கார்தான் களத்திலும் ஓடியது, இன்று ஓடுவதெல்லாம் காரின் முகமூடி போட்ட வேறு எதுவோ. இந்தப் பந்தயத்தைக் காதால் கேட்டதோடு நிறுத்திக்கொண்டவர்கள் வேறொன்று சொல்வார்கள்: இடப்பக்கமாகவே சுற்றிச் சுற்றி வருவதில் அப்படி என்ன பொற்காலம் வேண்டிக்கிடக்கிறது? முதல் பேச்சு பாதி உண்மை. இரண்டாவது கால் பங்குகூடத் தேறாது.

தமிழர்களுக்கு இந்தப் பந்தயத்தோடு பழக்கம் குறைவு. கோயம்புத்தூரின் நரேன் கார்த்திகேயன் 2010-இல் நாஸ்கார் என்ற அமைப்பின் டிரக் தொடரில் ஓட்டினார். சொல்லிக்கொள்ளும்படியான தொடர்பு ஏறக்குறைய அவ்வளவுதான். ஆகவே எதுவும் தெரியாதவர்களை மனத்தில் வைத்தே எழுதுகிறேன்.

பொற்காலம் எது என்பதிலும் ஆளுக்கொரு கணக்கு உண்டு. தாம் இளைஞராக இருந்த காலத்தைத்தான் பெரும்பாலோர் சொல்வார்கள். நான் எடுத்துக்கொள்வது 1959 முதல் 1979 வரையிலான இருபது ஆண்டுகள். என் கட்சியையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். சாதாரணக் கார் ஒருநாளும் அங்கே ஜெயித்ததில்லை. அந்த ஆண்டுகளில் நடந்தது, கடைக்கும் களத்துக்கும் இடையே ஒரு கொடுக்கல் வாங்கல். பந்தயத்தில் ஜெயிப்பதற்காகத் தொழிற்சாலைகள் தாங்கள் விற்கும் காரையே மாற்றின. ரசிகர்கள் ஏங்குவது அதற்காகத்தான் என்பது என் எண்ணம்.

ஸ்டாக் கார் என்றால் என்ன?

பொதுமக்களுக்கு விற்பதற்காகத் தொழிற்சாலையிலிருந்து வெளிவரும் கார், ஸ்டாக் கார். பந்தயத்துக்கென்றே பிறவி எடுத்த பார்முலா ஒன் கார் இதற்கு நேர் எதிர். வீட்டு வாசலில் நிற்கும் காரைப் போன்ற ஒன்றைக் கொண்டுவந்து ஓட்டுவதுதான் ஸ்டாக் கார் பந்தயத்தின் அடிப்படை எண்ணம்.

இதை நடத்தும் அமைப்பு நாஸ்கார். புளோரிடா மாநிலத்தின் டேடோனா பீச் நகரில் 1947 டிசம்பரில் பில் பிரான்ஸ் என்பவர் கூட்டிய கூட்டத்தில் அதற்கு விதை போடப்பட்டது. 1948 பிப்ரவரியில் அது முறைப்படி நிறுவனமானது. போருக்குப் பிறகு புதிய கார்களுக்கு அமெரிக்கர்கள் அலைந்துகொண்டிருந்த காலம் அது. தான் வாங்க ஆசைப்படும் அதே கார் பந்தயத்தில் ஓடுவதைப் பார்க்க மக்கள் காசு கொடுப்பார்கள் என்று பிரான்ஸ் கணக்குப் போட்டார். கணக்கு தப்பவில்லை.

முதல் பந்தயத்திலேயே ஒரு கோளாறு

1949 ஜூன் 19 அன்று வட கரோலினாவின் சார்லட் நகரில், முக்கால் மைல் மண் தடத்தில், முழுக்க முழுக்கக் கடைக் கார்களுக்கான முதல் பந்தயம் நடந்தது. முதலில் வந்தவர் கிளென் டன்னவே. 1947-ஆம் ஆண்டு மாடல் போர்டு காரை ஓட்டினார். பந்தயம் முடிந்து காரைச் சோதித்தபோது அதன் பின்பக்க ஸ்பிரிங்குகள் மாற்றியமைக்கப்பட்டிருந்தது தெரிந்தது. அவரைத் தகுதிநீக்கம் செய்துவிட்டு, கான்சஸ் மாநிலத்திலிருந்து லிங்கன் காரோடு வந்திருந்த ஜிம் ரோப்பருக்குப் பரிசைக் கொடுத்தார்கள். டன்னவே ஓட்டிய காரின் சொந்தக்காரர் நீதிமன்றத்துக்குப் போனார். வழக்கு நிற்கவில்லை.

அந்த ஸ்பிரிங்கைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்க வேண்டும். 1920 முதல் 1933 வரை அமெரிக்காவில் மதுவிலக்கு இருந்தது. அது நீங்கிய பிறகும், வரி கட்டாமல் காய்ச்சிய கள்ளச்சாராயத்தை அப்பலாச்சிய மலைப்பகுதிகளிலிருந்து இரவோடு இரவாக நகரங்களுக்குக் கடத்துவது ஒரு தொழிலாகவே தொடர்ந்தது. கடத்தல் கார் வெளியே பார்க்கப் பக்கத்து வீட்டுக் காரைப் போல இருக்க வேண்டும். உள்ளே போலீஸ் காரை விஞ்சும் எஞ்சின் வேண்டும். சாராயச் சுமையை ஏற்றினால் காரின் பின்பக்கம் தாழ்ந்து, பார்த்தவுடனே காட்டிக்கொடுத்துவிடும். அதனால் பின் ஸ்பிரிங்குகளை விறைப்பாக்கினார்கள். அப்படி விறைப்பாக்கிய கார் வளைவுகளிலும் தடுமாறாது. டன்னவே ஓட்டியது அந்த வகைக் கார்தான்.

ஆக, கடைக் கார் மட்டுமே ஓடலாம் என்று அறிவித்த முதல் பந்தயத்திலேயே முதலில் வந்தது கடைக் கார் அல்ல. 'அந்தக் காலத்தில் எல்லாம் அசல்' என்று யாராவது ஆரம்பித்தால் எனக்கு இந்த ஸ்பிரிங்தான் நினைவுக்கு வரும்.

சாராயக் கடத்தலில் கைதேர்ந்து பந்தயத்துக்கு வந்தவர்களில் பெயர் பெற்றவர் ஜூனியர் ஜான்சன். 1956-இல் தன் தந்தையின் சாராய அடுப்பருகே பிடிபட்டு ஏறத்தாழ பதினொரு மாதம் சிறையில் இருந்தார். சாலையில் தன்னை ஒருவரும் பிடித்ததில்லை என்பது அவருடைய பெருமை. 1986-இல் அதிபர் ரீகன் அவருக்குப் பொதுமன்னிப்பு வழங்கினார். அதற்குள் நாஸ்காரில் 50 வெற்றிகளைக் குவித்து, ஓட்டுவதை நிறுத்தி, வெற்றிகரமான அணி முதலாளியாகவும் ஆகியிருந்தார்.

தொழிற்சாலை எப்படி உள்ளே வந்தது?

1950-களின் தொடக்கத்தில் ஹட்சன் என்றொரு சிறிய நிறுவனம் பெரிய நிறுவனங்களின் கண்ணில் விரலை விட்டு ஆட்டியது. அதன் ஹார்னெட் காரில் தரைத்தளம் சட்டகத்துக்கு மேலே உட்காராமல் அதற்குள்ளேயே தாழ இறங்கியிருந்தது. பயணிகள் ஒரு படி கீழே இறங்கித்தான் காருக்குள் ஏற வேண்டும். எடை தாழ்வாக இருந்ததால் வளைவில் கார் சாயவில்லை. எட்டு சிலிண்டர் கார்களுக்கு நடுவே ஆறு சிலிண்டர் எஞ்சினோடு வந்து ஹார்னெட் வென்றது. ஹெர்ப் தாமஸ் 1951-இலும் 1953-இலும் அந்தக் காரில் சாம்பியன் ஆனார்.

ஹட்சன் செய்த தந்திரம் எனக்கு மிகவும் பிடித்தது. பந்தயத்துக்கு வேண்டிய வலுவான பாகங்களைத் தயாரித்து, 'கடும் உபயோகத்துக்கான பாகங்கள்' என்று பெயர் சூட்டித் தன் விற்பனைப் பட்டியலில் சேர்த்துவிட்டது. பட்டியலில் இருந்தால் அது கடைப் பொருள். கடைப் பொருளாக இருந்தால் பந்தயத்தில் பொருத்தலாம். விதி ஒரு எழுத்தும் மீறப்படவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பந்தயத்தில் வென்றால் திங்கட்கிழமை கார் விற்கும் என்பது அந்நாளைய டெட்ராய்ட் நகர விற்பனையாளர்களின் வேதவாக்கு. ஹட்சனுக்கு அது பலிக்கவில்லை. களத்தில் கொடி நாட்டிய நிறுவனம் 1954-இல் நாஷ் நிறுவனத்தோடு இணைய வேண்டியதாயிற்று.

இதுவரை பார்த்ததன் சாரம்: கடைக் கார் மட்டுமே ஓடலாம் என்பது விதி. அந்த விதிக்குள் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, டன்னவேயின் காரைப் போல மறைத்து மாற்றுவது. மற்றொன்று, ஹட்சனைப் போலப் பந்தயப் பாகத்தையே கடைக்குக் கொண்டுவந்துவிடுவது. பொற்காலத்தின் கதை முழுவதும் இந்த இரண்டாவது வழியில்தான் வளர்ந்தது.

சுற்றிச் சுற்றி வருவதில் என்ன இருக்கிறது?

எதிர்க்காற்றில் சைக்கிள் மிதித்துப் போகும்போது முன்னால் ஒரு பஸ் மெதுவாகப் போனால், அதன் பின்னே ஒட்டிக்கொண்டதும் மிதிப்பது சட்டென்று இலகுவாகிவிடும். பஸ் காற்றைக் கிழித்துக் கொடுக்கிறது. பின்னால் வருபவருக்கு அந்த வேலை மிச்சம். ஸ்டாக் கார் பந்தயத்தின் உயிர்நாடி இதுதான். இதற்கு டிராஃப்டிங் என்று பெயர். முன்னால் போகும் கார் காற்றைத் தள்ளிக்கொண்டு போகிறது. அதன் முதுகுக்குப் பின்னே காற்றழுத்தம் குறைந்த இடம் ஒன்று உருவாகிறது. அந்த இடத்தில் மூக்கை நுழைத்த காருக்குக் காற்றுத் தடை குறைவு. அதே எஞ்சினில் கூடுதல் வேகம் கிடைக்கும், அல்லது அதே வேகத்தில் பெட்ரோல் மிச்சமாகும்.

புதியவர்களுக்கு நம்பச் சிரமமாக இருப்பது அடுத்த விஷயம். இதனால் முன்னால் போகும் காருக்கும் லாபம் உண்டு. அதன் பின்பக்கம் பிடித்து இழுக்கும் காற்றுச் சுழல், பின்னே ஒரு கார் ஒட்டியதும் தணிகிறது. தனித்தனியே ஓடுவதைவிட இரண்டு கார்களும் சேர்ந்து ஓடினால் வேகம் அதிகம். ஆகவே எதிரியோடு கூட்டுச் சேர்ந்தால்தான் முன்னேற முடியும். எந்த நொடியில் அந்தக் கூட்டை உடைப்பது என்பதில்தான் வெற்றி இருக்கிறது. பின்னால் இருப்பவர் காற்றுத் தடை குறைந்த இடத்தில் வேகம் கூட்டிக்கொண்டு திடீரென விலகி முந்துவதை ஸ்லிங்ஷாட் என்பார்கள். அதனால் அந்நாளில் கடைசிச் சுற்றில் முதலாவதாக இருப்பதைவிட இரண்டாவதாக இருப்பதே மேல் என்று நினைத்த வீரர்கள் உண்டு. இடப்பக்கமாகச் சுற்றுவது மட்டும்தானே என்று கேட்பவர்கள் தவறவிடுவது இந்தச் சதுரங்கத்தை.

இதற்கு அரங்கம் அமைத்துக் கொடுத்தது 1959-இல் திறக்கப்பட்ட டேடோனா தடம். அதற்கு முன் அங்கே பந்தயம் பாதி கடற்கரை மணலிலும் பாதி தார்ச்சாலையிலும் நடந்தது. புதிய தடம் 2.5 மைல், அதாவது 4 கிலோமீட்டர் சுற்றளவு. வளைவுகள் 31 டிகிரி சாய்வு. அந்தச் சாய்வு காரைத் தடத்தோடு அழுத்திப் பிடிப்பதால் வளைவிலும் வேகத்தைக் குறைக்க வேண்டியதில்லை. முதல் டேடோனா 500 பந்தயத்தில் லீ பெட்டியும் ஜானி போசாம்பும் கோட்டை ஒன்றாகத் தாண்டினார்கள். புகைப்படங்களையும் படச்சுருள்களையும் அலசி, லீ பெட்டிதான் வென்றார் என்று அறிவிக்க மூன்று நாள் பிடித்தது.

மறு ஆண்டு ஜூனியர் ஜான்சன் அங்கே வந்தார். அவருடைய செவ்ரலே, வேகமான பான்டியாக் கார்களுக்கு ஈடுகொடுக்கக்கூடியதல்ல. பயிற்சியின்போது ஒரு பான்டியாக்கின் பின்னே ஒட்டிக்கொண்டு ஓட்டியவர், தன் காருக்கு இல்லாத வேகம் எங்கிருந்தோ வருவதைக் கவனித்தார். பந்தயத்திலும் அதையே செய்தார். கடைசிக் கட்டத்தில் முன்னணியில் இருந்த பாபி ஜான்ஸின் பின்கண்ணாடி பிய்ந்து பறந்தது, அவர் கார் சுழன்றது, ஜான்சன் ஜெயித்தார். காற்றைப் பற்றிப் பாடப்புத்தகம் எழுதாதவர் காற்றைக் கொண்டே அமெரிக்காவின் பெரிய பந்தயத்தை வென்றுவிட்டார்.

1976 டேடோனா 500-இன் முடிவையும் இங்கே சொல்லியாக வேண்டும். கடைசிச் சுற்றில் டேவிட் பியர்சன், லீ பெட்டியின் மகன் ரிச்சர்ட் பெட்டியை முந்தினார். கடைசி வளைவில் பெட்டி திரும்ப முந்தப் பார்த்தார். இரண்டு கார்களும் உரசிச் சுவரில் மோதின. பெட்டியின் கார் கோட்டுக்குச் சற்று முன் புல்லில் போய் நின்றது, எஞ்சின் அணைந்துவிட்டது. பியர்சன் சுழன்றுகொண்டிருக்கும்போதே கிளட்சை மிதித்து எஞ்சினை உயிரோடு வைத்திருந்தார். நொறுங்கிய காரை ஊர்ந்து ஊர்ந்து கோட்டைத் தாண்டவைத்தார். மோதிச் சுழலும் நேரத்தில் கிளட்ச் நினைவுக்கு வருவது எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

500 கார் விதி

இப்போது பொற்காலத்தின் நடுக்கூடத்துக்கு வந்திருக்கிறோம்.

ஒரு பாகமோ உடலமைப்போ பந்தயத்தில் ஓட வேண்டுமானால், அதைக் குறிப்பிட்ட எண்ணிக்கையில் தயாரித்து மக்களுக்கு விற்பனைக்கு வைத்திருக்க வேண்டும். இந்த நிபந்தனைக்கு ஹோமோலோகேஷன் என்று பெயர். அந்த எண்ணிக்கை 1969-இல் 500. தடத்துக்காக ஒரு கார் கற்பனை செய்தால், அதில் 500-ஐச் செய்து தெருவில் விட்டாக வேண்டும் என்று அர்த்தம்.

இந்த விதியின் பல் முதலில் பதிந்தது கிரைஸ்லர் நிறுவனத்தில். 1964-இல் அது ஹெமி என்ற ஏழு லிட்டர் எஞ்சினைக் கொண்டுவந்தது. அந்த ஆண்டு டேடோனாவில் ரிச்சர்ட் பெட்டி 200 சுற்றுகளில் 184 சுற்று முன்னணியில் இருந்து வென்றார். எஞ்சின் கடையில் எங்கே கிடைக்கிறது என்று மற்ற நிறுவனங்கள் கூச்சலிட்டன. நாஸ்கார் தடை விதித்தது. 1965-இல் கிரைஸ்லர் முறுக்கிக்கொண்டு விலகியது. பெட்டி அந்த ஆண்டின் பெரும்பகுதியில் நேர்கோட்டு டிராக் பந்தயம் ஓட்டினார். 1966-இல் தெருக்காரிலும் ஹெமி விற்பனைக்கு வந்தது, பிரச்சினை தீர்ந்தது. பந்தயத்துக்காகப் பெற்ற பிள்ளையைச் சாதாரண வாடிக்கையாளர் வீட்டுக்கு ஓட்டிப்போக முடிந்தது.

அடுத்த போட்டி எஞ்சினை விட்டு உடலுக்குத் தாவியது. 300 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் எதிரி காற்றுதான். கிரைஸ்லரின் டாட்ஜ் சார்ஜர் காரின் பின்கண்ணாடி இரு பக்கத் தூண்களுக்கு நடுவே உள்ளொடுங்கியிருந்தது. பார்க்க அழகு, ஆனால் அந்தக் குழிவில் காற்று சுழன்று காரின் பின்பக்கத்தைத் தூக்கியது. 1969-இல் அந்தக் குழிவை அடைத்து ஒரு மாடல் வந்தது. போர்டு பதிலுக்கு மூக்கை நீட்டிய டோரினோ டல்லடேகாவை இறக்கியது. டாட்ஜ் அதற்குப் பதில் சொல்ல சார்ஜர் டேடோனாவைக் கொண்டுவந்தது: முன்னால் ஈட்டி மூக்கு, பின்னால் இரண்டு தூண்கள் மேல் ஏறக்குறைய இரண்டடி உயரத்தில் ஓர் இறக்கை. கூரையைத் தாண்டி வரும் கலங்காத காற்று இறக்கையில் பட்டுப் பின்சக்கரங்களைத் தரையோடு அழுத்தும். டிக்கி மூடி இடிக்காமல் திறக்கத்தான் அவ்வளவு உயரம் என்றும் ஒரு கதை உண்டு. கடையில் விற்கும் காருக்கு டிக்கி திறக்க வேண்டும் அல்லவா!

1970 மார்ச் 24 அன்று டல்லடேகா தடத்தில் பட்டி பேக்கர் அந்த சார்ஜர் டேடோனாவில் மணிக்கு 200.447 மைல், அதாவது 322 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டினார். மூடிய தடத்தில் ஸ்டாக் கார் ஒன்று 200 மைலைத் தொட்டது அதுவே முதல்முறை.

அதே ஆண்டு கிரைஸ்லரின் இன்னொரு பிரிவான பிளிமத் சூப்பர்பேர்டு என்ற இறக்கைக் காரைக் கொண்டுவந்தது. 1969-இல் ஒரு பருவம் போர்டுக்குப் போய்விட்ட ரிச்சர்ட் பெட்டியைத் திரும்ப அழைக்க அதுவே தூண்டில். இதற்குள் விதி இறுகியிருந்தது: 500 போதாது, இரண்டு விற்பனையாளருக்கு ஒரு கார் என்ற கணக்கில் தயாரிக்க வேண்டும். ஏறத்தாழ 1,900 சூப்பர்பேர்டுகள் செய்யப்பட்டன. அவற்றின் கூரையில் ஒட்டியிருக்கும் கறுப்பு வினைல் உறையைப் பலர் அலங்காரம் என்று நினைக்கிறார்கள். பின்கண்ணாடியை மாற்றிப் பொருத்திய இடத்தில் பற்றவைத்த தழும்புகள் தெரிந்தன. அவசரத்தில் அவற்றைத் தேய்த்து மெழுக நேரமில்லை. மேலே வினைல் ஒட்டி மறைத்துவிட்டார்கள்.

மக்கள் அதை வாங்கினார்களா? இல்லை. பல கார்கள் கடை வாசலில் வெயில் காய்ந்தன. சில விற்பனையாளர்கள் மூக்கையும் இறக்கையையும் கழற்றிவிட்டுச் சாதாரண மாடலாக்கி விற்றார்கள். இன்று ஏலத்தில் அதே காருக்கு லட்சக்கணக்கான டாலர் கொடுக்கிறார்கள். ஏக்கம் என்பது பெரும்பாலும் அப்போது வாங்காதவர்களுக்கு வருவது போலும்.

விதிப்புத்தகத்தின் சந்துபொந்துகள்

தொழிற்சாலைகள் ஒரு பக்கம் இருக்க, மெக்கானிக்குகள் தனி ராஜ்யம் நடத்தினார்கள். அவர்களில் முடிசூடா மன்னர் ஸ்மோக்கி யூனிக். ஹெர்ப் தாமஸின் ஹட்சனைத் தயார் செய்தவரும் அவர்தான். பெட்ரோல் டேங்கின் கொள்ளளவுக்கு வரம்பு விதித்த விதி, டேங்கிலிருந்து எஞ்சினுக்குப் போகும் குழாயின் தடிமனைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. யூனிக் 2 அங்குல விட்டமுள்ள குழாயை 11 அடி நீளத்துக்குச் சுருட்டி வைத்தார், அதில் கூடுதலாக 5 கேலன் பெட்ரோல் பிடித்தது என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த அளவுள்ள குழாயில் பிடிப்பது சுமார் 6.8 லிட்டர். அமெரிக்க கேலனில் இரண்டுகூட ஆகாது. 5 கேலன் என்றால் 19 லிட்டர். தந்திரம் உண்மையாகவே இருக்கலாம், பெட்ரோல் மட்டும் சொல்பவர் வாயில் பெருகியிருக்கிறது. பொற்காலக் கதைகளைக் கேட்கும்போது பக்கத்தில் ஒரு பென்சிலை வைத்துக்கொள்வது நல்லது.

மீண்டும் ஒரு சுருக்கம்: டிராஃப்டிங் காரணமாகக் காற்று ஆயுதமானது. காற்றை வெல்ல உடலமைப்பை மாற்ற வேண்டியிருந்தது. மாற்றியதைக் கடையிலும் விற்க வேண்டும் என்று ஹோமோலோகேஷன் கட்டாயப்படுத்தியது. அதனால்தான் சந்தையில் யாரும் கேட்காத இறக்கைக் கார் தெருவுக்கு வந்தது.

ஏன் முடிந்தது?

பணம் இதைக் கெடுத்தது என்று ஒரு வரியில் முடிப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. முதல் காரணம் வேகம். டயர்கள் அந்த வேகத்துக்குத் தாக்குப்பிடிக்கவில்லை. 1969 செப்டம்பரில் டல்லடேகா தடம் திறந்தபோது, டயர்கள் பிய்வதைக் கண்ட முன்னணி வீரர்கள் ரிச்சர்ட் பெட்டி தலைமையில் பந்தயத்தைப் புறக்கணித்து ஊருக்குத் திரும்பினார்கள். பந்தயம் மற்றவர்களைக் கொண்டு நடந்தது.

1971-க்கான விதியில் இறக்கைக் கார்களுக்கு 5 லிட்டர் எஞ்சின்தான் என்று நாஸ்கார் கட்டுப்படுத்தியது. மற்றவர்களுக்கு 7 லிட்டர். தடை என்ற சொல்லே இல்லாமல் கதை முடிந்தது. அதற்கு முன்பே, 1970 ஆகஸ்டில் மிச்சிகனில், ரெஸ்ட்ரிக்டர் பிளேட் வந்துவிட்டது. துளையிட்ட ஓர் உலோகத் தகடு அது. கார்புரேட்டருக்கும் எஞ்சினின் உள்ளிழுப்புக் குழாய்களுக்கும் நடுவே வைப்பார்கள். உள்ளே போகும் காற்று குறையும், ஆற்றலும் குறையும். பின்னர் அது கைவிடப்பட்டு, 1988-இல் டேடோனாவுக்கும் டல்லடேகாவுக்கும் திரும்ப வந்தது. அதற்குக் காரணம் 1987 மே மாதம் டல்லடேகாவில் பாபி அலிசனின் கார் காற்றில் எழும்பிப் பார்வையாளர் வேலியைக் கிழித்தது. அதே வார இறுதியில் பில் எலியட் தகுதிச்சுற்றில் மணிக்கு 212.809 மைல் தொட்டிருந்தார். அந்தச் சாதனை இன்றுவரை நிற்கிறது.

இரண்டாவது காரணம் சாவு. 1964 ஜனவரியில் ரிவர்சைடில் நடப்பு சாம்பியன் ஜோ வெதர்லி இறந்தார். மே மாதம் சார்லட்டில் பயர்பால் ராபர்ட்ஸின் கார் கவிழ்ந்து தீப்பற்றியது. அதே விபத்தில் சிக்கிய நெட் ஜாரெட் அவரை வெளியே இழுத்தார். ராபர்ட்ஸ் ஜூலை 2 அன்று, 35 வயதில், மருத்துவமனையில் இறந்தார். செப்டம்பரில் டயர் சோதனையின்போது ஜிம்மி பார்டு போனார். ஒரே ஆண்டில் மூவர். டேங்குக்குள் ரப்பர் பை, டயருக்குள் இன்னொரு டயர், ஜன்னலில் வலை என்று பாதுகாப்பு ஒவ்வொன்றாக வந்தது இத்தகைய சாவுகளுக்கும் விபத்துகளுக்கும் பிறகுதான். 2001 பிப்ரவரி 18 அன்று டேடோனாவின் கடைசிச் சுற்றில் டேல் ஏர்ன்ஹார்ட் இறந்த பிறகு, தலையையும் கழுத்தையும் பிணைத்துக் காக்கும் கருவி கட்டாயமானது. சுவர்கள் அதிர்ச்சியை உறிஞ்சும்படி மாற்றப்பட்டன. அதன் பின் நாஸ்காரின் முதல்நிலைப் பந்தயத்தில் ஒரு வீரரும் உயிரிழக்கவில்லை.

இந்தப் பாதுகாப்பையெல்லாம் கடைக் காரில் பொருத்த முடியாது. குழாய்ச் சட்டகம் வேண்டும், தனி இருக்கை வேண்டும். இதற்கிடையே தெருக்கார்களும் மாறின. 1980-களில் பல குடும்பக் கார்கள் முன்சக்கர இயக்கத்துக்கும் சிறிய எஞ்சினுக்கும் போய்விட்டன. தடத்தில் பின்சக்கர இயக்கமும் எட்டு சிலிண்டரும் தொடர்ந்தன. பெயர்ப்பலகை மட்டுமே பொது என்றானது இப்படித்தான்.

பணமும் இல்லாமல் இல்லை. தொலைக்காட்சியில் சிகரெட் விளம்பரத்துக்கு 1971-இல் தடை வந்ததும் வின்ஸ்டன் சிகரெட் நிறுவனம் தன் பணத்தை நாஸ்காரில் கொட்டியது. 1972-இல் ஆண்டுக்கு 48 பந்தயம் என்றிருந்தது 31 ஆயிற்று. சிற்றூர்களின் தடங்கள் பட்டியலிலிருந்து விழுந்தன. 1979 பிப்ரவரி 18 அன்று சிபிஎஸ் தொலைக்காட்சி டேடோனா 500-ஐத் தொடக்கம் முதல் முடிவு வரை நேரலையாகக் காட்டியது. நாட்டின் கிழக்குப் பகுதியில் பனிப்புயல், வெளியே போக வழியில்லாமல் மக்கள் தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருந்தார்கள். கடைசிச் சுற்றில் கேல் யார்பரோ ஸ்லிங்ஷாட்டுக்கு விலக, டானி அலிசன் வழிவிடாமல் மறிக்க, இருவரும் மோதிப் புல்வெளியில் போய் நின்றார்கள். பின்தங்கி வந்த ரிச்சர்ட் பெட்டி வென்றார். டானியின் அண்ணன் பாபி அலிசன் காரை நிறுத்தி இறங்க, யார்பரோவோடு கைகலப்பு. தென்மாநிலங்களின் ஞாயிறு விளையாட்டு அன்றுதான் நாடு முழுவதற்கும் அறிமுகமானது. அதனால்தான் என் கணக்கு 1979-இல் நிற்கிறது.

யாருடைய பொற்காலம்?

1963 டிசம்பர் 1 அன்று புளோரிடாவின் ஜாக்சன்வில்லில் நடந்த பந்தயத்தில் வெண்டல் ஸ்காட் முதலில் வந்தார். வர்ஜீனியாவின் டான்வில்லைச் சேர்ந்த கறுப்பினத்தவர், தன் காருக்குத் தானே மெக்கானிக். கொடி அசைத்தது அவருக்கு அல்ல, பக் பேக்கருக்கு. கோப்பையும் பேக்கர் கைக்குப் போனது. கூட்டம் கலைந்த பிறகு, எண்ணிக்கையில் பிழை, ஸ்காட்தான் வென்றார் என்று ஒப்புக்கொண்டார்கள். ஸ்காட் 1990-இல் இறந்தார். 2015-இல் நாஸ்காரின் புகழ்க்கூடத்தில் இடம் கிடைத்தது. அந்த வெற்றிக்கான கோப்பையை நாஸ்கார் அவருடைய குடும்பத்திடம் முறைப்படி அளித்தது 2021-இல். நாஸ்காரின் முதல்நிலைப் பந்தயத்தில் அடுத்த கறுப்பின வெற்றியாளராக பப்பா வாலஸ் வந்ததும் அதே ஆண்டில்தான். இடையில் ஐம்பத்தேழு ஆண்டுகளுக்கு மேல். பழைய ரசிகர்கள் 'எல்லோரும் ஒரு குடும்பம் போல இருந்தோம்' என்று சொல்லும்போது ஸ்காட்டின் குடும்பம் அந்தப் பட்டியலில் இருந்ததா என்று கேட்டுப்பார்க்கலாம்.

இன்று எங்கே நிற்கிறது?

2022-இல் வந்த புதிய காரின் சட்டகமும் பெரும்பாலான பாகங்களும் குறிப்பிட்ட வழங்குநர்களிடமிருந்து எல்லா அணிகளுக்கும் ஒன்றுபோல வருகின்றன. பாகத்தில் கைவைத்தால் கடும் தண்டனை. யூனிக் இன்று இருந்திருந்தால் வேறு தொழில் தேடியிருப்பார்.

ஏக்கத்துக்கும் இப்போது நாள்காட்டியில் இடம் உண்டு. டார்லிங்டன் தடத்தில் 2015 முதல் ஆண்டுக்கொருமுறை அணிகள் பழைய கார்களின் வண்ணங்களைத் தங்கள் கார்களுக்குப் பூசி ஓட்டுகின்றன. வட கரோலினாவில் 1996-இல் முதல்நிலைப் பந்தயங்களை இழந்து பாழடைந்து கிடந்த நார்த் வில்க்ஸ்பரோ தடம் 2023-இல் நட்சத்திரப் பந்தயத்தோடு உயிர்பெற்றது. எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கிறது. வண்ணம் பூசுவதைவிட ஒரு தடத்தை மீட்பது கடினமான வேலை.

காரில் கைவைக்க முடியாத இந்தக் காலத்திலும் விதிப்புத்தகத்தில் சந்து தேடும் புத்தி செத்துவிடவில்லை. 2022 அக்டோபர் 30, மார்ட்டின்ஸ்வில். அரை மைல் தடம், கடைசிச் சுற்று. இறுதிப் போட்டிக்குத் தகுதி பெற ராஸ் சாஸ்டெயினுக்கு இன்னும் இரண்டு இடம் வேண்டும். பத்தாவதாக ஓடிக்கொண்டிருந்தவர் கியரை ஐந்துக்கு மாற்றி, காரை வெளிச்சுவரோடு சாய்த்து, ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தபடி ஸ்டீயரிங்கையே விட்டுவிட்டார். மற்றவர்கள் வளைவில் பிரேக் போட, அவர் காரைச் சுவரே திருப்பிவிட்டது. ஐந்து பேரைத் தாண்டினார். அவர்களில் கடைசியாக டென்னி ஹாம்லினைக் கோட்டருகே முந்தினார். சுற்றுக்கு 18.845 விநாடி, அந்தத் தடத்தில் எந்த ஸ்டாக் காரும் அவ்வளவு வேகமாகச் சுற்றியதில்லை. சிறுவயதில் வீடியோ கேமில் செய்து பார்த்த தந்திரம் என்று பிறகு சொன்னார். அப்படிச் செய்யக் கூடாது என்று யாரும் அவரைத் தடுத்திருக்கவில்லை. அடுத்த பருவம் தொடங்குமுன், இனி யாராவது இதைச் செய்தால் அபராதம் என்று நாஸ்கார் அறிவித்தது. சாஸ்டெயின் அன்று பிடித்த இடத்தில் மட்டும் கைவைக்கவில்லை.